கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க

போன வாரம் சித்தி வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து இரண்டு நிமிடம் "ஆமா… ஆமா… நான்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைப் பார்த்துக் கண்ணை அகலமாக விரித்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினேன், போட்டார். ஓர் இளைஞனின் குரல், நல்ல மரியாதை, அவசரமே இல்லாத பேச்சு. சித்தியின் நம்பர் ஏதோ குலுக்கலில் தேர்வாகியிருக்கிறதாம். பெரிய தொகை. இன்று மாலைக்குள் ஒரு சின்ன "க்ளியரன்ஸ் சார்ஜ்" கட்டிவிட்டால் நாளை காலை கணக்கில் ஏறிவிடுமாம்.

சித்தி ஏமாளி இல்லை. முப்பது வருடம் கணக்கு எழுதியே சம்பாதித்தவர். ஆனாலும் அந்தத் தொகையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன், அதை மறைக்க அவர் முயன்றதையும் பார்த்தேன். நான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: "கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்கன்னு சொல்லுங்க."

சொன்னார். "தம்பி, நீங்க எனக்கு அவ்வளவு பெரிய தொகை தரப்போறீங்க இல்ல, அதுல இந்த சார்ஜைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுத்துடுங்களேன்."

அந்தப் பக்கம் அரை விநாடி அமைதி. அவ்வளவுதான். அப்புறம் கொட்ட ஆரம்பித்தான். "இல்லைங்க மேடம், பரிசுத் தொகை சீல் பண்ணின அக்கவுன்ட்ல இருக்கு, இன்ஷூரன்ஸ் போட்டிருக்கு, உங்க கைக்கு வர்ற வரைக்கும் நாங்களே கூட அதுல ஒரு பைசா தொட முடியாது, ரூல்ஸ் அப்படி. சார்ஜ் தனியா வரணும். அதுவும் ரீஃபண்டபிள்தான்." பதில் எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் சித்தி இல்லை, இதற்கான பதில் அவன் கையில் எழுதியே இருக்கிறது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வாக்கியத்தை நான் ரொம்ப வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இதைச் சொன்னதும் மோசடிக்காரன் போனை வைத்துவிடுவான் என்று யாரும் நினைக்க வேண்டாம். வைக்க மாட்டான். கேள்வி அவனுக்காக இல்லை, நமக்காக. அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலை நம் காதே கேட்க வேண்டும். உலகத்தில் யாராவது நமக்குப் பத்து தரவேண்டியிருந்து, அதில் ஒன்று செலவாகும் என்றால், ஒன்பதைக் கொடுப்பார்கள். சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறார்கள். செத்துப்போனவர் விட்டுப்போன சொத்தைப் பிரிப்பதற்கு ஆகும் செலவு அந்தச் சொத்திலிருந்தே போகும். "எங்களால் கழிக்க முடியாது, நீங்கள் தனியாகத்தான் கட்ட வேண்டும்" என்று ஒருவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால், அந்த விளக்கம் எத்தனை அழகாக இருந்தாலும் சரி, கழிப்பதற்கு அங்கே பணமே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

முன்பண மோசடி என்று இதற்குப் பெயர். பெரிய தொகை ஒன்று வரப்போகிறது, அதற்கு முன்னால் சின்னத் தொகை ஒன்று நீ கொடு. கதை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். பரிசு, வாரிசில்லாத பணக்காரரின் சொத்து, எந்தக் கேள்வியும் கேட்காமல் கடன், வீட்டிலிருந்தபடியே வேலை, சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பார்சல், வெளிநாட்டில் தவிக்கும் காதலன். சட்டை மாறுகிறது, உள்ளே ஆள் ஒருவன்தான்.

இதை இணையம் வந்து கெடுத்த காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். இணையத்துக்கும் தொலைபேசிக்கும் ரொம்ப முந்தையது இது. பிரான்சில் விடாக் என்று ஒருவர் இருந்தார், 1775இல் பிறந்து, இளமையில் சிறைக்கும் தப்பித்தலுக்குமாக அலைந்து, பிற்பாடு பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரானவர். சிறைக்குள்ளிருந்து கைதிகள் எழுதிய ஒரு வகைக் கடிதத்தைப் பற்றி அவர் பதிவு செய்திருக்கிறார். "ஜெருசலேம் கடிதங்கள்" என்று அவற்றுக்குப் பெயர். புரட்சிக் காலத்தில் எஜமானரோடு ஓடிப்போன வேலைக்காரன் நான், வழியில் நகைப்பெட்டியை ஒளித்துவைத்தோம், இடம் எனக்குத்தான் தெரியும், இப்போது சிறையில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் அனுப்பினால்… என்று போகும் கடிதம். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்கிறார் விடாக். நூறுக்கு இருபது! இன்றைக்கு மெயில் அனுப்புகிறவன் இந்தக் கணக்கைக் கேட்டால் பெருமூச்சு விடுவான்.

அதே கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் "ஸ்பானியக் கைதி" என்ற பெயரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது. ஸ்பெயின் சிறையில் ஒரு கனவான், அவருக்கு ஓர் அழகான மகள், எங்கோ புதைத்துவைத்த செல்வம், அவரை விடுவிக்கக் கொஞ்சம் செலவு. 1898இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பழைய மோசடி திரும்பவும் தலைதூக்குகிறது என்றுதான் எழுதியது. அப்போதே பழசு! அப்புறம் 1980களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும், அதன் பிறகு மெயிலிலும் வந்தது. அந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கான பிரிவின் எண் 419. அதனால் இந்த மோசடிக்கே உலகம் முழுக்க "ஃபோர் ஒன் நைன்" என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நாட்டுக்கு மட்டும் இந்தக் கெட்ட பெயர் நியாயமில்லை என்பது என் கருத்து, ஏனென்றால் கதையை முதலில் எழுதியவர்கள் அவர்கள் இல்லை, இப்போது எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களுக்கு உபதேசம் செய்வது சரியில்லை.

நானும் கட்டியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கையில் வேலை இல்லாமல் ஏழெட்டு மாதம் ஓட்டிக்கொண்டிருந்த காலம். மொழிபெயர்ப்பு வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு மெயில். சோதனைக்கு ஒரு பக்கம் அனுப்பினார்கள், செய்து கொடுத்தேன், அதில் இரண்டு திருத்தம் வேறு சொன்னார்கள். அந்தத் திருத்தங்கள்தான் என்னைக் கவிழ்த்தன. என் வேலையை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நியமனக் கடிதம் வந்தது. பின்புலச் சரிபார்ப்புக்கு ஒரு கட்டணம், முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தருவோம் என்றார்கள். கடன் வாங்கிக் கட்டினேன். பத்து நாளில், அனுப்பப்போகும் லேப்டாப்புக்கு இன்ஷூரன்ஸ் என்று அடுத்தது. அது முதலாவதைப் போல இரண்டு மடங்கு. கையில் அவ்வளவு இல்லை என்றேன். பாதி கட்டுங்கள், பாக்கியை மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள் அந்தப் பெண். எத்தனை நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டே பாதியைக் கட்டினேன்.

மீதிப் பாதிக்கு நண்பனிடம் கேட்கப் போனபோதுதான் அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான், "உனக்குச் சம்பளம் தரப்போறவனுக்கு நீ எதுக்குடா சம்பளம் குடுக்கிற?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் என் வேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்று கூட ஒரு நிமிடம் தோன்றியது, இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இத்தனைக்கும் அந்த இரண்டாவது பணத்தைக் கட்டும்போதே எனக்குள் எங்கோ ஓரத்தில் சந்தேகம் இருந்தது. ஆனால் இப்போது விட்டுவிட்டால் முதலில் கட்டியது போய்விடுமே. சீட்டாடுகிறவன் விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்காருவான் இல்லையா, அதே கதை. இன்னொரு பக்கம் வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் நாமே தாழியை உடைத்துவிடுவோமோ என்ற பயம். இந்த இரண்டையும் வைத்துத்தான் மொத்தத் தொழிலும் ஓடுகிறது. முதல் கட்டணத்தை ஆசையில் கட்டுகிறோம், இரண்டாவதிலிருந்து பயத்தில் கட்டுகிறோம். அதனால் முதல் தொகை எப்போதும் சின்னதாக, "போனால் போகிறது" என்கிற அளவில் இருக்கும். அவர்களுக்கு அந்தத் தொகை முக்கியமில்லை, நாம் கட்டுகிற ஆள் என்று தெரிவதுதான் முக்கியம். கட்டியதும் நம் பெயர் ஒரு பட்டியலுக்குப் போகிறது, அந்தப் பட்டியல் கைமாறி விற்கவும் படுகிறது.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறு மாதம் கழித்து எனக்கு வேறொரு போன் வந்தது. மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு மீட்டுக் கொடுக்கும் அமைப்பிலிருந்து பேசுகிறோம் என்று. நான் இழந்த தொகை, தேதி, அந்த "நல்ல பெண்ணின்" பெயர், எல்லாம் சரியாகச் சொன்னார்கள். அந்தக் கும்பலைப் பிடித்துவிட்டார்களாம், பணம் நீதிமன்றக் கணக்கில் பத்திரமாக இருக்கிறதாம், எடுத்துத்தர ஒரு விண்ணப்பக் கட்டணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். பிறகு, எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை, "அதிலேயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க சார்" என்றேன். அவர் முதலில் விளக்கினார், பிறகு கடிந்துகொண்டார், கடைசியில் "உங்களை மாதிரி ஆளுங்களுக்கு உதவ வந்தது எங்க தப்பு" என்று வைத்துவிட்டார். அந்த வாக்கியம் பிறந்த கதை இதுதான். ஒரு தடவை ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது கும்பல் வரும், பல சமயம் முதல் கும்பலேதான் வேறு குரலில் வரும், அதை நீங்கள் இழந்த விவரம் துல்லியமாகத் தெரிந்திருப்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். நீங்களும் திருடனும் தவிர வேறு யாருக்கு அது தெரியும்?

இதெல்லாம் வேலை இல்லாதவனும் வயதானவர்களும் விழும் பள்ளம் என்று யாராவது சொன்னால் பிரேசிலில் இருந்த பாங்கோ நோரோயெஸ்தே வங்கியைச் சொல்வேன். நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் புது விமான நிலையம் கட்டப்போகிறார்கள், நான் மத்திய வங்கியின் ஆளுநர் பேசுகிறேன் என்று எம்மானுவேல் நுவுடே என்பவர் அந்த வங்கியின் இயக்குநர் ஒருவரை நம்பவைத்தார். கமிஷன் மட்டும் 1 கோடி டாலர் என்று ஆசை காட்டப்பட்டது. 1995இலிருந்து 1998 வரை தவணை தவணையாக, வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் 24.2 கோடி டாலர் போயிற்று. விமான நிலையத்தில் ஒரு செங்கல் கூட இல்லை. அந்த வங்கியை இன்னொரு வங்கி வாங்க வந்து கணக்கைப் புரட்டியபோதுதான் பொத்தல் தெரிந்தது. நுவுடேக்கு 2005இல் 25 ஆண்டு சிறை கிடைத்தது. கையெழுத்துப் போட்டே பழகிய வங்கி அதிகாரியை ஏமாற்ற முடிந்தபோது நானும் சித்தியும் எந்த மூலைக்கு?

இந்தக் கடிதங்கள் ஏன் அத்தனை அபத்தமாக இருக்கின்றன என்று பலரும் சிரிப்பதுண்டு. இளவரசர், தங்கக் கட்டி, எழுத்துப்பிழை. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் கோர்மாக் ஹெர்லி இதற்கு ஒரு காரணம் சொன்னார். மெயில் அனுப்புவதற்குச் செலவே இல்லை, ஆனால் பதில் போடுகிறவனிடம் வாரக்கணக்கில் பேசிக் கரைப்பதற்கு நேரம் செலவாகும். பாதியில் விழித்துக்கொள்கிறவர்கள் நேரத்தைத்தான் வீணாக்குவார்கள், அதனால் அவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டுப் போய்விடட்டும் என்றுதான் கதையை அப்படி வைக்கிறார்கள் என்பது அவர் வாதம். சல்லடை மாதிரி. நீங்கள் சிரித்த மெயில் உங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. உங்களுக்காக எழுதப்பட்டது வேறு மாதிரி இருக்கும், அதில் பிழை இருக்காது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதுவது யாருக்கும் பெரிய விஷயம் இல்லை, ஆகவே "எழுத்துப்பிழை இருந்தால் மோசடி" என்ற பழைய அறிவுரையைத் தலைகீழாக நம்பிவிடாதீர்கள். பிழையில்லாமல் இருப்பதால் அது நல்ல கடிதம் ஆகிவிடாது.

சித்திக்கு வருவோம். அந்த இளைஞன் போனை வைக்கும் முன் "உங்களுக்கு அஃபிஷியலா மெயில் அனுப்பறேன் மேடம், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றான். மறுநாள் வந்தது. சித்தியும் நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைக் கூறு போட்டோம்.

அனுப்பியவர் இடத்தில் ஒரு பெரிய வங்கியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது வெறும் பெயர்தான், அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், நான் நாளைக்கே "உலக வங்கித் தலைவர்" என்று வைத்துக்கொண்டு மெயில் அனுப்பலாம். பெயர் மேல் விரலை வைத்தால் உண்மையான முகவரி விரியும். விரித்தோம். வங்கியின் பெயர் அதிலும் இருந்தது, ஆனால் முன்னால் இருந்தது. இணைய முகவரியை வலதுபக்கக் கடைசியிலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும் என்று சித்திக்குச் சொன்னேன். டாட் காம், டாட் இன்ஃபோ என்று முடிகிற இடத்துக்கு ஒட்டினாற்போல என்ன இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்காரர், அதற்கு முன்னால் புள்ளி வைத்து எழுதியதெல்லாம் வீட்டுக்காரர் தன் வாசலில் மாட்டிக்கொண்ட பலகை. (டாட்டுக்குப் பிறகு நாட்டின் குறி வருகிற முகவரிகளில் சில சமயம் இன்னும் ஒரு கட்டம் இடதுபக்கம் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும்.) இங்கே பலகையில் வங்கி, வீட்டுக்காரர் பெயரோ கேள்விப்படாத எதுவோ.

அடுத்து ஒரு வேலை செய்தோம், அது பலருக்குத் தெரிவதில்லை. "பதில் அனுப்பு" பொத்தானை அழுத்தினோம், அனுப்பவில்லை, சும்மா பார்த்தோம். பெறுநர் இடத்தில் வந்து உட்கார்ந்த முகவரி முற்றிலும் வேறு, யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் திறந்துகொள்ளக்கூடிய இலவச மெயில் கணக்கு. ஒரு மெயிலில் வந்த முகவரி ஒன்றாகவும் பதில் போகும் முகவரி வேறாகவும் வைக்க வழி இருக்கிறது, நியாயமான நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துவதுண்டு, ஆனால் வங்கி என்று சொல்லிக்கொள்கிறவர் தன் பதிலை இலவசக் கணக்கில் வாங்கிக்கொள்ள எந்தக் காரணமும் கிடையாது.

இணைப்பில் ஒரு சான்றிதழ். தங்கநிற ஓரம், சிவப்பு முத்திரை, இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து. சித்தி கணக்கு எழுதியவர் இல்லையா, அவர்தான் கண்டுபிடித்தார். "இந்த ரெண்டு கையெழுத்தையும் போட்டது ஒரே கைடா, அந்தக் கடைசிச் சுழியைப் பாரு." கூடவே அந்த இளைஞனின் அடையாள அட்டை நகலும் இருந்தது, நம்பிக்கைக்காகவாம். அந்த அட்டை பெரும்பாலும் இன்னொரு ஏமாந்தவருடையதாக இருக்கும். நாமும் "சரிபார்ப்புக்கு" என்று நம் அட்டையின் நகலை அனுப்பினால் அடுத்த சித்திக்கு நம் முகம் போய்ச் சேரும்.

போனிலும் இதே கதைதான். திரையில் தெரிகிற நம்பரையும் பெயரையும் போலியாகக் காட்ட முடியும், இணையம் வழியாகப் பேசுகிறவர்களுக்கு அது பெரிய வித்தையே இல்லை. அதனால் "அந்த நம்பரைத் தேடிப் பார்த்தேன், வங்கி நம்பர்தான்" என்பது ஆதாரம் ஆகாது. வைத்துவிட்டு, அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சடித்திருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். அவர்கள் கொடுக்கும் நம்பருக்குக் கூப்பிட்டால் பக்கத்து நாற்காலிக்காரன்தான் எடுப்பான். குரலை வைத்தும் இனி முடிவு செய்ய முடியாது, சில நொடிப் பேச்சை வைத்து ஒருவர் குரலையே செய்துவிடும் கருவிகள் வந்துவிட்டன.

ஆனால் நான் உண்மையில் கவனிக்கச் சொல்வது வேறொன்று. போனை வைக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்களா, வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். என்னிடம் அந்தப் பெண் "நியமனம் ரகசியம், மற்ற விண்ணப்பதாரர்களுக்குத் தெரிந்தால் பிரச்சினை" என்றாள். சித்தியிடம் இவன் "பரிசு விஷயம் வெளியே போனா உங்க பாதுகாப்புக்கு நல்லதில்லை" என்றான். பெரிய அக்கறை. இன்னொரு ஆள் காதில் இந்தக் கதை விழுந்தால் ஒரே நிமிடத்தில் பொடிந்துவிடும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். என் நண்பன் ஒரே கேள்வியில் பொடித்தான் இல்லையா. அவனுக்கு அறிவு அதிகம் என்று இல்லை (அவன் இதைப் படிப்பான், தெரிந்தேதான் எழுதுகிறேன்), அவனுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பணத்தை எப்படிக் கேட்கிறார்கள் என்பதும் காட்டிக்கொடுக்கும். பரிசுக் கூப்பன் வாங்கி அதிலிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், கிரிப்டோவில் போடுங்கள், பணம் அனுப்பும் கடையில் போய் இந்தப் பெயருக்கு அனுப்புங்கள், இல்லை ஒரு தனிநபர் கணக்குக்குப் போடுங்கள். இவற்றில் எதுவும் போனால் திரும்புவது கஷ்டம், அதற்காகத்தான் கேட்கிறார்கள். 2017இல் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம், மோசடிப் பணம் தன் வழியாகப் போவதைத் தடுக்கத் தவறியதற்காக அமெரிக்க அரசிடம் 58.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, அந்தப் பணம் ஏமாந்தவர்களுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. அத்தனை பெரிய தொகை ஒரே ஒரு வழியில். தனிநபர் கணக்கு என்றால் அந்தக் கணக்குக்காரரும் பல நேரம் ஏமாந்தவர்தான், "வீட்டிலிருந்தே வேலை, உங்கள் கணக்கில் வரும் பணத்தைக் கமிஷன் எடுத்துக்கொண்டு அனுப்பினால் போதும்" என்று யாரோ சொன்னதை நம்பியவர். போலீஸ் வரும்போது முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

கமிஷன் எடுத்துக்கொள் என்றதும் ஞாபகம் வருகிறது, என் வாக்கியத்துக்கே அகப்படாத ஒரு வகை உண்டு. அவன் முதலில் உண்மையாகவே பணம் தருவான், காசோலையாக. தரவேண்டியதைவிடக் கூடுதலாக. "தவறுதலாக அதிகம் எழுதிவிட்டார்கள், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள்" என்பான். நம் வாக்கியத்தை அவனே சொல்கிறான்! வங்கி நம் கணக்கில் தொகையைக் காட்டுகிறது, நாமும் மீதியை அனுப்புகிறோம், அப்புறம் சில நாளோ சில வாரமோ கழித்து அந்தக் காசோலை போலி என்று திரும்பிவருகிறது. கணக்கில் தொகை தெரிவதும் காசோலை உண்மையிலேயே பாஸ் ஆவதும் வேறு வேறு என்று பலருக்குத் தெரியாது. திரும்பிவந்த தொகையை வங்கி நம்மிடம்தான் பிடிக்கும்.

முன்கூட்டியே கட்டணம் வாங்கும் நேர்மையான இடங்களும் இருக்கத்தான் செய்கின்றன, தேர்வுக்கு, விண்ணப்பத்துக்கு, சொத்து மதிப்பீட்டுக்கு. அங்கே நாம் அவர்களைத் தேடிப் போயிருப்போம், கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லியிருக்க மாட்டார்கள். கடன் உறுதி, ஆனால் முதலில் கட்டு என்பவன்தான் ஆபத்து. கடனுக்கு அலைகிறவர்களைத்தான் இது மோசமாக அடிக்கிறது, இருக்கிற கடைசிக் காசும் அதில் போகும்.

கட்டிவிட்டீர்கள் என்றால் முதல் வேலை வங்கிக்குப் போன். மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம் அது, சில சமயம் நிறுத்திவைக்க முடியும். மெயில், மெசேஜ், ரசீது எதையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், நான் அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போலீஸிடம் வெறுங்கையோடு போய் நின்றேன். கடவுச்சொல்லை எங்காவது சொல்லியிருந்தால் மாற்றுங்கள். மோசடிக்காரனோடு வாதாடி வெற்றி காணும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், பதில் போடுகிற ஆள் என்று பட்டியலில் இன்னொரு குறி விழும். வீட்டில் யாராவது கட்டிவிட்டு வந்து நின்றால் தயவுசெய்து முதல் வார்த்தையாக "உனக்கு அறிவில்லையா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் நண்பனிடம் போவதற்கு முன் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை, அந்தப் பத்து நாளில்தான் இரண்டாவது பணம் போயிற்று.

சித்தியின் மெயிலைக் கூறு போட்டு முடித்ததும் அவர் சிரித்துவிட்டார், அந்த நம்பரை நானே தடுத்துவைத்தேன், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். முந்தாநாள் காலை அவரிடமிருந்து ஒரு மெசேஜ். அவன் வேறொரு முகவரியிலிருந்து திரும்பவும் எழுதியிருக்கிறான், சித்தி அதை எனக்கு அனுப்பிவைத்துக் கீழே எழுதியிருந்தார்: "சார்ஜைப் பாதியாக் குறைச்சிட்டாங்களாம்டா. எனக்குத் தெரியும், சும்மா உன்கிட்ட காட்டலாம்னுதான்."

பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. "வேண்டாம்தானே?"